கீறாதீர்கள், அழுத்துங்கள்

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுமேரியர் போலக் களிமண் பலகையில் எழுதவைத்தேன். ஈர்க்குச்சியால் கீறினால் ஓரமெல்லாம் பிசிறு தட்டுகிறது. ஆப்பு வடிவம் வரவே இல்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் பிள்ளைகள் பட்ட பாடுதான், ஆப்பு வடிவப் பதிவுகளால் ஆன சுமேரியரின் ஆப்பெழுத்தையே உருவாக்கியது. இன்றைய இராக்கில் வார்க்கா எனப்படும் ஊருக் நகரில், கி.மு. 3300-ஐ ஒட்டி எழுதத் தொடங்கியவர்களும் முதலில் கூர்முனையால் கீறித்தான் பார்த்தார்கள். மாட்டுத்தலை, பார்லிக் கதிர், மீன் என்று எல்லாம் படங்கள். ஈரக் களிமண்ணில் கோடு இழுத்தால் குச்சிக்கு முன்னே மண் குவியும். வளைவு சொன்னபடி கேட்காது. அதனால் எழுத்தர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதை விட்டு, நாணல் குச்சியின் முனையைப் பதித்து எடுக்கத் தொடங்கினார்கள். சில நூற்றாண்டுகளில் படம் மறைந்து ஆப்புகளின் கூட்டமாகிவிட்டது.

ஈர்க்குச்சியைத் தூக்கிப் போடுங்கள். நான்கு பட்டையாகச் சீவிய மூங்கில் குச்சி போதும். அதைச் சாய்த்துப் பிடித்து, மூலையை மட்டும் அழுத்தி எடுக்கவேண்டும். மூலை இறங்கிய இடம் ஆழமான முக்கோணமாகவும், விளிம்பு பட்ட இடம் மெல்லிய வாலாகவும் விழும். கையில் ஒட்டாத பதம் வரும்வரை மண்ணைப் பிசையுங்கள்; பலகை உள்ளங்கையில் அடங்கினால் நல்லது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்வேன். பெயர் எழுதவைப்பதில் தொடங்காதீர்கள். ஊருக்கில் கிடைத்த ஆரம்பகாலப் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை கணக்குகள்: தானியம், ஆடு, பீர், கூலிப்படி. கதையும் பாட்டும் பல நூற்றாண்டுகள் கழித்தே வந்தன. ஆகவே எண்ணிலிருந்து தொடங்குங்கள். பென்சிலின் உருண்டை முனையைச் சாய்த்து அழுத்தினால் ஒன்று. நேராகக் குத்தினால் வட்டம், அது பத்து. ஆட்டை எண்ணும்போதுதான் இப்படி. பார்லியை அளக்கும்போது அதே வட்டம் ஆறு அலகுதான்! எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணின் மதிப்பே மாறியது என்பதைப் பிள்ளைகள் கையால் பதித்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

பிறகு ஒரு தலை, அதன் வாயருகே ஒரு கிண்ணம் வரையச் சொல்லுங்கள். 'உண்' என்பதற்கான குறி அது. கூலிப்படிக் கணக்குகளில் வரும்.

முடித்த பலகைகளை நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.