அம்மாவை எந்த இடத்தில் வைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு முகாமில் மைத்ரி தியானம் (ஒவ்வொருவராக நினைத்து நலம் வாழ்த்தும் பௌத்தத் தியானம்) கற்றுக்கொண்டு ஆறு மாதமாகச் செய்துவருகிறேன். ‘உங்களுக்கு மிகவும் பிரியமானவரை முதலில் நினையுங்கள்’ என்றார்கள். நான் அம்மாவை நினைக்கிறேன். அம்மா போன ஆவணியில் இறந்துவிட்டார். ‘நலமாக இருக்கட்டும்’ என்று சொன்னவுடன் அழுகை வந்துவிடுகிறது, பாதி நேரம் அதிலேயே போகிறது. பிறகு முன்பின் தெரியாதவர்களை நினைத்தால் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருக்கிறது. அண்ணியிடம் வந்தால் பழைய கோபம் கிளம்புகிறது. மனம் திறக்கும் என்றுதான் ஆரம்பித்தேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

க.

அன்புள்ள க.,

உங்கள் மனதில் கோளாறு ஒன்றுமில்லை, வரிசையில்தான் கோளாறு. இந்தத் தியானத்தின் மிக விரிவான செய்முறை ‘விசுத்திமக்கம்’ என்ற பௌத்த நூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில், மகாவிகாரை என்ற பௌத்த மடத்தில் இருந்து புத்தகோசர் என்ற உரையாசிரியர் பாளியில் எழுதியது. (அவர் காஞ்சிபுரத்தில் தங்கியவர். அவருடைய உரையொன்றின் முடிவுரையிலேயே அந்த ஊர்ப்பெயர் வருகிறது.) அன்பைப் பற்றி அவர் உருகுவதே இல்லை. சமையல் குறிப்புபோல, எதை முதலில் போடக்கூடாது என்று ஆரம்பிக்கிறார்.

எடுத்த எடுப்பில் நினைக்கக்கூடாதவர்கள் நான்கு பேர்: பிடிக்காதவர், உயிருக்குயிரானவர், யாரோ ஒருவர், பகைவர். உயிருக்குயிரானவரை ஏன் தள்ளிவைக்க வேண்டும்? அவருக்கு ஒரு சின்னக் கஷ்டம் என்று தோன்றினாலே அழுகை வரும் என்கிறார். உங்கள் கடிதத்தின் பாதிக்கு இதுவே பதில்.

அடுத்து இன்னும் கறாரான விலக்கு இரண்டு. ஒன்று, எதிர்ப்பாலினத்தவர் ஒருவரைக் குறிப்பாக நினைத்துச் செய்வது. ஓர் அமைச்சர் மகன், பிரியமானவரை நினைக்கச் சொன்னார்களே என்று மனைவியை நினைத்து உட்கார்ந்தான். இரவு முழுக்கச் சுவரோடு மல்லுக்கட்டியதுதான் மிச்சம். இது முதன்மையாகத் துறவிகளை மனதில் வைத்த விதி என்று நினைக்கிறேன். உங்களுக்கு முக்கியமானது இரண்டாவது. இறந்தவரை வைத்து இந்தத் தியானத்தைச் செய்யவே கூடாது. ஓர் இளம் பிக்கு, கைவந்த தியானம் திடீரென்று கூடவில்லை என்று மூத்தவர் ஒருவரிடம் போகிறார். ‘யாரை நினைக்கிறாயோ அவரைப் பற்றி விசாரி’ என்கிறார் அவர். விசாரித்தால், நினைத்த ஆசிரியர் இறந்துபோயிருக்கிறார். வேறொருவரை நினைத்ததும் தியானம் கூடிவிடுகிறது.

நூல் காரணத்தை நீட்டிச் சொல்லவில்லை. நான் புரிந்துகொண்டது இது: ‘பகையின்றி, நோயின்றி, சுகமாக நாள் கழியட்டும்’ என்ற வாழ்த்து நாளைக்கும் இருக்கப்போகிறவருக்கானது. அம்மாவை நினைத்துச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ‘இல்லையே’ என்பதில் போய் இடிக்கிறது. மைத்ரி, கருணை போன்ற ஒவ்வொரு குணத்துக்கும் பக்கத்துப் பகை, தூரத்துப் பகை என்று இரண்டு சொல்கிறார் புத்தகோசர். மைத்ரிக்குத் தூரத்துப் பகை வெறுப்பு, பக்கத்துப் பகை பற்று. கருணைக்குப் பக்கத்துப் பகை துயரம். தூரத்துப் பகை மலையில் ஒளிந்திருப்பவன், வந்தால் தெரியும். பக்கத்துப் பகை கூடவே நடந்து வருவான். உங்கள் அழுகையில் வருவது இவன்தான்.

சரியான வரிசைக்கு வருவோம். முதலில் நீங்களே. ‘நான் சுகமாக இருக்க விரும்புவதுபோலத்தானே அவரும்’ என்று பின்னால் ஒப்பிடுவதற்குச் சாட்சியாகத்தான் இது. இதிலேயே நூறு வருடம் உட்கார்ந்தாலும் தியானம் கைகூடாது என்றும் எச்சரிக்கிறார் புத்தகோசர். ஐந்து நிமிடம் போதும். அடுத்து, உயிரோடிருக்கும், மரியாதைக்குரிய ஒருவர்: பள்ளி ஆசிரியை, பெரியம்மா, யாராவது. அவர் செய்த உதவி ஒன்றை, சொன்ன ஒரு நல்ல சொல்லை நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டு வாழ்த்துங்கள். வெறும் முகத்தை நினைத்தால் ஊறாது. பிறகு நெருங்கிய தோழி, பிறகு யாரோ ஒருவர், கடைசியில்தான் அண்ணி. ஒரு கட்டத்தில் மனம் இளகிப் பதமாகாமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. ஒரே உட்காரலில் எல்லோரையும் முடிக்கப் பார்த்ததால்தான் வாய்ப்பாடு ஆகியிருக்கிறது. ஒருவரோடு இரண்டு மூன்று வாரம் இருந்தாலும் குற்றமில்லை.

‘முன்பின் தெரியாதவர்கள்’ என்று பன்மையில் எழுதியிருக்கிறீர்கள். பன்மையில் நினைத்தால் மனதுக்குப் பிடிமானம் கிடைக்காது. ரேஷன் கடையில் பில் போடுபவர் என்று ஒரே ஆள், தினமும் அதே ஆள். அப்போதும் வறட்சியாக இருந்தால், புத்தகோசர் கோபத்துக்குச் சொன்ன மருந்து இங்கேயும் வேலை செய்யும். இந்த நீண்ட பிறவிச் சுழலில் உனக்குத் தாயாக இருந்திராத உயிரைக் காண்பது அரிது என்ற புத்தர் வாக்கை எடுத்துக்கொண்டு அவர் விரிக்கிறார்: இவர் என்னைப் பத்து மாதம் சுமந்தவர், என் மலத்தையும் மூத்திரத்தையும் சளியையும் சந்தனத்தைப்போல அருவருப்பில்லாமல் துடைத்தவர், இடுப்பில் தூக்கித் திரிந்தவர். மறுபிறவியை நம்பாவிட்டால் வெறும் கற்பனையாகவே செய்துபாருங்கள். அம்மாவை உட்காரவைக்கக்கூடாது என்றேன், ஆனால் அம்மா செய்ததையெல்லாம் இங்கே தாராளமாகக் கொண்டுவரலாம்.

அப்படியானால் அம்மாவுக்கு என்ன செய்வது? அவருக்குப் பௌத்தர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். திரோகுட்ட சுத்தம் (சூத்திரம்) என்ற சின்னப் பாளிப் பாட்டு, இறந்த உறவுகள் சுவருக்கு வெளியேயும் முச்சந்தியிலும் வாசல் நிலையிலும் வந்து நிற்பதாகச் சொல்கிறது. அவர்கள் இருக்கும் ஆவியுலகில் உழவில்லை, மாடு மேய்ப்பதில்லை, வாணிபமில்லை. இங்கிருந்து கொடுப்பதுதான் அவர்களுக்கு. அழுகையோ புலம்பலோ போய்ச் சேராது என்றும் சொல்கிறது. ஆக, நினைப்பது போதாது, கொடுக்க வேண்டும். கொடுப்பதிலும் ஒரு தவறு நேரும். பிம்பிசார அரசன் புத்தருக்கு விருந்து வைத்துவிட்டு அது யாருக்காக என்று சொல்ல மறந்தானாம். அன்றிரவு உறவினர்களின் ஆவிகள் அரண்மனையில் அலறின. மறுநாள் ‘இது என் உறவினருக்கு ஆகட்டும்’ என்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் அடங்கின என்கிறது அந்தப் பாட்டின் உரை. இலங்கையில் தானத்தின் முடிவில், தட்டில் வைத்த கிண்ணத்தில் கெண்டியிலிருந்து தண்ணீர் நிரம்பி வழியும்வரை ஊற்றுவது இந்தச் சொல்லோடுதான். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு இறங்குவதுபோல என்பது பாட்டிலேயே வரும் உவமை.

பிக்குகளுக்குக் கொடுப்பதுதான் மரபு. நம் ஊரில் உங்களுக்கு அது எளிதல்ல. அம்மா இறந்த திதியில், அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, தகுதியான ஒருவருக்குப் பரிமாறி, ‘இது அம்மாவுக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். சிராத்தம் உண்மையிலேயே போய்ச் சேருமா என்று ஜானுஸ்ஸோணி என்ற பிராமணர் கேட்டதற்குப் புத்தரின் பதில் அங்குத்தர நிகாயம் என்ற போதனைத் தொகுப்பில் இருக்கிறது. நினைத்தவர் ஆவியுலகில் இருந்தால் அவருக்குச் சேரும், இல்லையென்றால் அங்கிருக்கும் வேறு உறவினர் உண்பார்கள், இவ்வளவு நீண்ட காலத்தில் அந்த இடம் உறவினர் இல்லாமல் காலியாக இருக்க வாய்ப்பே இல்லை என்கிறார். உங்கள் கணக்கில் ‘யாரோ’வாக இருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

அண்ணிக்கு அவசரப்பட வேண்டாம். தான், வேண்டியவர், யாரோ, பகைவர் என்று மனம் போடும் எல்லை உடைந்ததா என்று பார்க்க விசுத்திமக்கத்தில் ஒரு சோதனை உண்டு. நீங்கள், தோழி, யாரோ ஒருவர், பகைவர் நால்வரும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து பலியிட ஒருவரைக் கேட்கிறார்கள். ‘அவரைக் கொண்டுபோ’ என்றால் எல்லை உடையவில்லை. ‘என்னைக் கொண்டுபோ’ என்றாலும் உடையவில்லை! கொடுக்க ஆளே தென்படாதபோதுதான் உடைந்தது.

கோபம் தணிய புத்தகோசர் சொல்லும் வழிகள் ஏராளம். எதன்மேல் கோபம், தலைமுடி மேலா, நகத்தின் மேலா என்று கூறுபோட்டுப் பார்ப்பதுகூட உண்டு. எதற்கும் அடங்காவிட்டால் கடைசி வழி, யார்மேல் கோபமோ அவருக்கு ஏதாவது கொடுப்பது, அல்லது அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வது. சித்தலபப்பத விகாரையில் ஒரு தேரர் (மூத்த பிக்கு) தன்னை மூன்று முறை இருப்பிடத்தைவிட்டுக் கிளப்பிய இன்னொரு தேரருக்குத் தன் பிட்சைப் பாத்திரத்தைக் கொடுத்தார். எட்டுக் ககாபணம் (அந்தக் காலத்து நாணயம்) பெறும் பாத்திரம். கொடுக்கும்போது சொன்னார்: ‘இது என் தாய் எனக்குக் கொடுத்தது. அந்த உபாசிகைக்கு (இல்லறப் பக்தைக்கு) புண்ணியம் சேரட்டும்.’

அம்மாவின் புடவைகளில் ஒன்று உங்களிடம் இருக்கும். திதி வரும்போது அதை அண்ணியிடம் கொடுங்கள். அம்மாவுடையது என்று மட்டும் சொல்லுங்கள், பழைய விஷயம் எதையும் அன்றைக்குப் பேச வேண்டாம்.