பிலடெல்பியாவின் புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் ஆலயம் எப்படி உருவானது?

மெதடிஸ்ட் கோயிலில் கறுப்பினத்தவரை ஒதுக்கினார்கள், வெளியேறினார்கள், உடனே சொந்தக் கோயில் கட்டினார்கள் என்று சுருக்கிச் சொல்வதுண்டு. அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

முதலில் உருவானது ஓர் உதவிச் சங்கம்தான். 1787-இல் கறுப்பினத் தலைவர்களான அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் அது. மாதச் சந்தா ஒரு ஷில்லிங். நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் அதிலிருந்து உதவி. இந்தச் சங்கத்திலிருந்துதான் ஆலயம் பிறந்தது: 1792-இல் கோயில் வேலை தொடங்கியது, மறு வருடம் மஞ்சள் காய்ச்சல் நகரையே முடக்கியது. கடைசியில் 1794 ஜூலை 17 அன்று ஐந்தாம் தெருவில் ஆலயம் திறந்தது. ஆலன் மட்டும் மெதடிஸ்டாகவே நின்று பெத்தேல் கோயிலைத் தனியே நிறுவினார்.

எபிஸ்கோப்பல் திருச்சபை என்பது ஆங்கிலிக்கன் மரபின் அமெரிக்கக் கிளை. அதன் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதியில்) சேர ஜோன்ஸின் சபையார் மூன்று நிபந்தனை வைத்தார்கள்: அமைப்பாகவே ஏற்க வேண்டும், நிர்வாகம் தங்கள் கையில் இருக்க வேண்டும், தகுதி இருந்தால் ஜோன்ஸுக்குக் குருப்பட்டம் தர வேண்டும். பேராயர் வில்லியம் ஒயிட் 1795-இல் ஜோன்ஸை டீக்கனாக்கினார் (குருப்பட்டத்துக்கு முந்தைய நிலை). கிரேக்கம், லத்தீன் தேர்விலிருந்து விலக்கும் கிடைத்தது. ஆனால் அதற்கு விலை வைத்தார்கள்: திருமண்டல மாநாட்டுக்குச் சபை பிரதிநிதி அனுப்பக்கூடாது. சலுகை என்ற பெயரில் வாக்குரிமையைப் பறித்த ஏற்பாடு இது, 1860-களில்தான் நீங்கியது.