ராஜமலையில் வரையாடு பார்க்கப் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி (கோவை): பிப்ரவரியில் குழந்தைகளோடு மூணாறு வருகிறோம். ராஜமலையில் வரையாட்டுக் குட்டிகளைப் பார்க்கலாமா?

பதில்: தேதியை மாற்றுங்கள். ஆடுகள் குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் ராஜமலை அடங்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். ஏப்ரலில் வந்தால் தாயோடு ஒட்டிக்கொண்டு திரியும் குட்டிகளைப் பார்க்கலாம்.

கேள்வி (மதுரை): ஆடு கண்ணில் படும் என்பது உறுதியா? பைனாகுலர் வேண்டுமா?

பதில்: காட்டு விலங்குக்கு யார் உறுதி சொல்ல முடியும்? ஆனால் மழை மூட்டம் இல்லாத நாளில் வெறுங்கையோடு திரும்புவது அரிது. அஞ்சாம் மைலில் வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் ஏறிப் போய், கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நடக்கும் தார்ச்சாலை ஓரத்திலேயே ஆடுகள் மேயும். கூட்டத்தில் கருத்த கிடா இருந்தால் முதுகைப் பாருங்கள்: சேணம் போட்டதுபோல வெளுத்த திட்டு தெரியும். முதிர்ந்த கிடாவுக்குத்தான் அது உண்டு.

இவ்வளவு பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்காகக் காத்து வைத்திருந்த மலை இது; காவலுக்கு இருந்தவர்கள் இங்குள்ள பழங்குடிகளான முதுவர்கள். 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்காத ஆடுகள். அதற்காகப் பிஸ்கட்டை நீட்டாதீர்கள், கொம்பைத் தொட்டுப் படம் எடுக்காதீர்கள். ஒரு சங்கதி: மரபணுப்படி இதற்கு நெருங்கிய சொந்தம் செம்மறிதான், இமயமலையில் வாழும் ‘தார்’ என்ற காட்டாடு இல்லை. 2005-ல் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள்.

கேள்வி (சென்னை): ஆனைமுடி உச்சிக்கு ஏற வேண்டும். எப்படி?

பதில்: 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரம், ஆசை புரிகிறது. சுற்றுலாப் பயணிகளை உச்சிக்கு விடுவதில்லை, விடாததும் நல்லதே. ஏறியே தீர வேண்டுமென்றால் மீசைப்புலிமலை இருக்கிறது, 2,640 மீட்டர். கேரள வன மேம்பாட்டுக் கழகத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள்.

கேள்வி (போடி): குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஏறி, அப்படியே மீசைப்புலிமலை போனால் என்ன? பெர்மிட் செலவு மிச்சம்.

பதில்: வேண்டாம். 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற வந்தவர்கள் இறந்தது அந்தச் சரிவுகளில்தான். கோடையில் காய்ந்து நிற்கும் புல்லில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. தமிழ்நாடு வனத்துறை அனுமதிக்கும் பாதையில், அனுமதிக்கும் மாதத்தில், வழிகாட்டியோடு மட்டும் போங்கள்.

கேள்வி (திருச்சி): குறிஞ்சி எப்போது?

பதில்: இரவிகுளத்தில் 2018-ல் பூத்தது. அடுத்து 2030.

கேள்வி (உடுமலை): ஜூலையில் பைக்கில் வரலாமா?

பதில்: வரலாம், பனிமூட்டத்தில் ஆடே தெரியாமல் போகலாம். அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மறையூரை வெளிச்சத்திலேயே தாண்டிவிடுங்கள். சின்னாறு காட்டு வழியை இரவில் அடைத்துவிடுவார்கள். ரோட்டில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், தள்ளியே நில்லுங்கள். அது போன பிறகு நீங்கள் போகலாம்.