வேடர் இசைக்குழு ஒலிநாடா வழியே உலகை எட்டியது எப்படி?

வேடர் என்பது போலந்தின் ஓல்ஷ்டின் நகரில் 1983-இல் தோன்றிய, உரத்த மின்கிதார் ஒலியை மையமாகக் கொண்ட ராக் வகையான ஹெவி மெட்டல் இசைக்குழு. உறுமும் குரலும் அதிவேக டிரம்ஸும் கொண்ட டெத் மெட்டலுக்கு அது பின்னரே மாறியது. இசைத்தட்டு வெளியீடு அரசின் பிடியில் இருந்த கம்யூனிச ஆட்சிக் காலத்தில் இத்தகைய இசைக்கு ஆல்பம் வாய்ப்பு அரிது என்பதால், மாதிரிப் பதிவாகிய டெமோவைக் குழுவினர் கேசட்டில் வெளியிட, ரசிகர்கள் அதைக் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் படியெடுத்து, உறையிலிட்டு, அஞ்சலில் நாடுவிட்டு நாடு அனுப்பினர். ஒரு வீட்டு விதைநெல் கைமாறி ஊரெங்கும் விளைவதைப் போன்றது இது. 1990-இல் வந்த 'மார்பிட் ரைக்' டெமோ இவ்வாறே பரவி, பிரிட்டனின் இயரேக் இசை வெளியீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் கிடைக்க வழிவகுத்தது. இக்குழுவின் வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க கட்டம் இதுவே என்பேன். முதல் ஆல்பம் 1992-இல் வந்ததால், கம்யூனிச ஆட்சி வீழ்ந்த பின்னர் உருவான குழு இது எனக் கருதுவது தவறு. அதற்குள் ஒன்பது ஆண்டு உழைப்பு கழிந்திருந்தது.