ஓய்வு பெற்ற விமானந்தாங்கிக் கப்பல்கள் என்ன ஆகின்றன?

விமானந்தாங்கிக் கப்பலும் கடைசியில் பழைய இரும்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆமாங்க. கோயமுத்தூர் ஃபவுண்டரியில் தினமும் உலைக்கு ஸ்கிராப் போடுகிற எனக்கே இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான பழைய விக்ராந்த் விஷயத்தில் மனசு ஆறவில்லை. 1997-ல் ஓய்வு பெற்று, மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற கப்பல், 2014-ல் ஏலம் போய் உடைபட்டது. அந்த இரும்பில் கொஞ்சம் பஜாஜ் வி பைக்கில் சேர்ந்தது. காப்பாற்றியிருக்க வேண்டிய கப்பல்.

அப்புறம் நம் கடற்படையின் இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலான விராட், 2020-ல் குஜராத்தில் கப்பல்களை உடைக்கும் இடமான அலங்குக்குப் போனது. அங்கே கடல் நன்றாக ஏறும் நேரம் பார்த்துக் கப்பலைக் கரையேற்றுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கேஸ் கட்டரால் துண்டு துண்டாக அறுப்பார்கள்.

அமெரிக்காவின் மிட்வே, சான் டியாகோவில் இன்றும் அருங்காட்சியகம். அந்த நாட்டின் இன்னொரு கப்பலான ஒரிஸ்கனியை 2006-ல் ஃப்ளோரிடா கடலில் மீன்களுக்கு வாழிடமாக மூழ்கடித்தார்கள். அணுசக்திக் கப்பல் என்றால் முதலில் அணு உலையின் எரிபொருளை வெளியே எடுத்தாக வேண்டும்.