குறைந்த கதிர்வீச்சு பயிரின் ஜீனை மாற்றிவிடுமா?

வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர்ப் பக்கம் மூன்று ஏக்கரில் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அவருடைய கழனியை ஒட்டிக் கருங்கல் குவாரி ஒன்று இருக்கிறது, பாறையிலிருந்து வரும் கதிர்வீச்சு சிறிதளவே ஆனாலும் பயிரின் ஜீனை மாற்றிவிடும் என்றும், ஜப்பானில் நெற்பயிரில் அதை மெய்ப்பித்துவிட்டார்கள் என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறாராம், அது உண்மையா? நான் அணைக்கட்டு என்னும் ஊர்ப் பக்கம் பிறந்தவன். தாவரவியல் படித்து, அதையே கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவன். உறவினர் சொல்வதில் பாதி சரி. ஆனால் இரண்டு வேறு செய்திகளை அவர் ஒன்றாகக் கலந்துவிட்டார்.

ஜீன் மாறுவது வேறு, ஜீனின் செயல்பாடு மாறுவது வேறு. நம் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பெரிய அண்டா கல்யாணத்துக்குக் கீழே இறங்கும், வேலை முடிந்ததும் மீண்டும் பரணுக்குப் போய்விடும். அண்டாவில் ஓட்டை விழுந்தால்தான் அது மாறியதாகப் பொருள். நெற்பயிரின் ஒவ்வொரு உயிரணுவிலும் பல்லாயிரம் ஜீன்கள் இருந்தாலும், ஒரு வேளையில் அவற்றுள் ஒரு பகுதியே பயன்பாட்டில் இருக்கும். வெயில் ஏறினால் சில இறங்கி வரும், மழை பெய்தால் வேறு சில வரும். பயன்பாட்டில் உள்ள ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படுகிறது. எந்தப் படி கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று அளப்பதே ஜீன் செயல்பாட்டை அளப்பது. ஜப்பானில் செய்யப்பட்டதும் அந்த அளவீடுதான்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, அந்த மாவட்டத்தின் ஈடாடே என்னும் கிராமத்து நிலங்களில் கதிர்வீச்சு தரும் சீசியம் படிந்தது. வேறிடத்தில் வளர்த்த நல்ல நெல் நாற்றுகளை அங்கே கொண்டுபோய் வைத்து, மூன்று நாள்வரை இடைவெளி விட்டு இலைகளைப் பறித்து, மைக்ரோஅரே முறையில் ஆயிரக்கணக்கான ஜீன்களின் படிகளை ஒரே வேளையில் பார்த்தார்கள். முதலில் டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்யும் ஜீன்கள் எழுந்தன. பிறகு நோய்க்கும் நெருக்கடிக்கும் எதிராகச் செடி வழக்கமாக எழுப்பும் பாதுகாப்பு ஜீன்கள் எழுந்தன. அங்கே கதிர்வீச்சு மணிக்குச் சில மைக்ரோசீவர்ட் அளவே இருந்தது. (சீவர்ட், கிரே இரண்டும் கதிர்வீச்சை அளக்கும் அலகுகள், காமாக் கதிருக்கு இரண்டையும் ஏறத்தாழ ஒன்றாகவே கொள்ளலாம். மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்று, மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒன்று.) மூன்று நாளில் சேர்ந்தது ஒரு மில்லிகிரேக்கும் கீழே. புதிய மல்லாட்டை ரகம் உருவாக்க விதைக்குக் கொடுக்கும் காமாக் கதிர் 200, 300 கிரே என்ற கணக்கில் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால், இது பல லட்சம் மடங்கு குறைவு. அவ்வளவு சிறிய அளவையும் பயிர் உணர்கிறது என்பதே அந்த ஆய்வு காட்டுவது. ஜீன் நிலையாக மாறிவிட்டதென்று அது சொல்லவில்லை.

எப்படி உணர்கிறது? உயிரணுவில் பெரும்பகுதி நீர்தான். கதிர் அந்த நீரை உடைத்து ஹைட்ராக்சில் என்னும் வெறிகொண்ட துண்டுகளையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது, அவை டி.என்.ஏ. இழையைத் தாக்குகின்றன. கதிரே நேராக இழையில் பட்டு அறுப்பதும் உண்டு. இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால் ஏ.டி.எம். என்னும் புரதம் விழித்துக்கொண்டு சாக்-1 என்னும் இன்னொரு புரதத்துக்குச் செய்தி சொல்கிறது. விலங்குகளில் பி-53 என்னும் காவல் புரதம் செய்யும் வேலையைச் செடிகளில் இந்தச் சாக்-1 செய்கிறது என்பது 2009-இல் தெரியவந்தது. உயிரணுப் பிரிவை நிறுத்திவைப்பது, பழுதுபார்க்கும் ஜீன்களை எழுப்புவது எல்லாம் இதன் ஆணைப்படி நடப்பவை. இன்னொரு பக்கம், பெராக்சைடை அடக்க கேட்டலேஸ், பெராக்சிடேஸ் போன்ற நொதிகளுக்கான ஜீன்கள் எழுகின்றன.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. மனித உயிரணு ஒன்றில் ஒரு கிரே கதிர் ஏறத்தாழ 30 முதல் 40 இரட்டை இழை முறிவுகளை உண்டாக்கும். நெல்லின் மரபணுத் தொகுதி, அதாவது ஓர் உயிரணுவிலுள்ள மொத்த டி.என்.ஏ., மனிதனுடையதில் எட்டில் ஒரு பங்குதான் என்பதால், அதே விகிதத்தில் அங்கே நாலைந்து முறிவு விழும். அப்படியானால் ஒரு மில்லிகிரேக்கும் குறைந்த கதிரில், பல நூறு உயிரணுக்களில் ஒன்றில்தான் ஒரு முறிவு விழ முடியும். இலை முழுவதையும் அரைத்து அளக்கும்போது எஞ்சிய நூற்றுக்கணக்கான உயிரணுக்கள் ஏன் குரல் கொடுக்கின்றன? அடிபட்ட உயிரணு பெராக்சைடு வழியாக அக்கம்பக்கத்துக்குச் செய்தி அனுப்புகிறது என்பது ஒரு விடை. அப்படிப்பட்ட செய்திப் பரிமாற்றம் செடிகளில் உண்டு. இன்னொரு விடை சற்றுச் சங்கடமானது: ஊர்விட்டு ஊர் போன நாற்றுக்குக் காற்று, வெயில், இரவுக் குளிர் எல்லாமே மாறுகின்றன, அவையும் இதே பாதுகாப்பு ஜீன்களை எழுப்பக்கூடியவை.

இந்தச் சங்கடத்தை நானே பட்டிருக்கிறேன். முதுகலை படித்தபோது மல்லாட்டை விதைகளைக் காமாக் கதிர் தரும் கோபால்ட்-60 கருவியில் மிகக் குறைந்த அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தச் சென்னைக்கு எடுத்துப்போனேன். கத்திரி வெயிலில் பேருந்தில் போய், இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். கதிர் படாத விதைகள் வேலூரில் என் அறையில் தகரப் பெட்டிக்குள் இருந்தன. விதைத்தபோது கதிர் பட்டவை முந்தி முளைத்தன. சிறிதளவு கதிர் பயிரை ஊக்குவிக்கும் என்ற கருத்துக்குச் சான்று கிடைத்துவிட்டதாக நான் துள்ளினேன். என் பேராசிரியை அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, அந்த விதைகளும் பஸ்ஸில் போய்வந்தனவா?" மறுமுறை இரண்டையும் ஒரே பையில் கொண்டுபோய், ஒன்றை மட்டும் கருவிக்குள் வைத்து எடுத்துவந்தேன். வேறுபாடு காணாமல் போயிற்று. குறைந்த கதிர்வீச்சு பற்றிய எந்த ஆய்வைப் படித்தாலும், கதிர் படாத செடி எங்கே நின்றது என்பதைத்தான் இன்றும் முதலில் தேடுகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனமாகச் செய்தவர்கள் உண்டு. அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், ஒரு கூட்டத்துக்கு ஒரு கிரே கதிரை ஒரே வீச்சில் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்தைச் சீசியம்-137 கலந்த மண்ணில் 21 நாள் வளர்த்து அதே ஒரு கிரேயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வைத்தார்கள். மொத்தம் ஒன்றுதான். ஆனால் ஒரே வீச்சில் பெற்ற செடிகளில் கூடிக் குறைந்த ஜீன்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே மெல்லப் பெற்ற செடிகளில் அதே போல நடந்துகொண்டன. ஒரே இரவில் கொட்டும் மழையும் அதே அளவு மூன்று வாரம் தூறும் மழையும் ஏரிக்கு ஒன்றல்ல என்பது பாலாற்றங்கரையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஏரி உவமை ஓரிடத்தில் உடைகிறது: டி.என்.ஏ. துண்டுகள் தமக்குள் இடம் மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சி மெல்லப் பெற்ற கூட்டத்தில்தான் அதிகமாகக் கூடியிருந்தது. மெதுவாக வருவதெல்லாம் தீங்கற்றது என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஜீனே மாறியதற்கும் சான்று உண்டு. 1986 விபத்துக்குப் பிறகு செர்னோபிலுக்கு அருகே மாசுபட்ட நிலத்தில் விதைத்த கோதுமையில், டி.என்.ஏ.யில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகள் அடுத்த தலைமுறையில் மாறும் விகிதம், தூய நிலத்தில் வளர்ந்த அதே வம்சக் கோதுமையைக் காட்டிலும் ஆறு மடங்கு இருந்ததாக 2000-இல் வெளியாயிற்று. அங்கே பைன் மரங்களின் டி.என்.ஏ.யில் மெத்தில் குறிகள் கூடியிருந்ததையும் கண்டார்கள். மெத்தில் குறி டி.என்.ஏ.யின் எழுத்தை மாற்றுவதில்லை, ஜீனை மூடிவைக்கும் பூட்டு அது. உலைக்கு அருகே பைன் காடு செத்துச் சிவந்தபோது பிர்ச் மரங்கள் பல பிழைத்துக்கொண்டன. பைனைப் போலப் பெரிய மரபணுத் தொகுதி உள்ள செடி கதிருக்குப் பெரிய இலக்கு. மல்லாட்டையின் தொகுதி நெல்லினுடையதைப் போல ஆறேழு மடங்கு பெரியது.

இனி ஒடுகத்தூர்க் கழனிக்கு வருவோம். வெட்டவெளியில் மண்ணும் பாறையும் தரும் காமாக் கதிர் உலகச் சராசரியாக மணிக்கு 0.06 மைக்ரோகிரே. கிரானைட் பாறை சில மடங்கு கூடுதலாகத் தரலாம், 0.2 என்றே வைத்துக்கொண்டாலும் 105 நாள் பயிருக்குச் சேர்வது அரை மில்லிகிரே. ஈடாடேயில் மூன்று நாளில் சேர்ந்ததோடு ஒப்பிடத்தக்க அளவுதானே என்று உறவினர் மடக்கக்கூடும். மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது என்று மேலே கண்டோம். இங்கே அந்த அளவு ஒரு பட்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. மேலும் அந்த நாற்றுகள் புதிதாக அந்த இடத்துக்குப் போனவை. உங்கள் மல்லாட்டையோ, அதன் விதையும் அதற்கு முந்தைய விதையும் அதே பாறைச் சூழலில் முளைத்தது. குவாரி தோண்டியதால் பாறை புதிதாகப் பிறந்துவிடவில்லை.

நீங்கள் தோளில் சுமந்து வரும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் இயற்கையான பொட்டாசியம்-40 நொடிக்கு ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட முறை சிதைந்துகொண்டிருக்கிறது என்பதையும் உறவினரிடம் சொல்லலாம். அதே பொட்டாஷைத்தான் ஃபுகுஷிமா விவசாயிகள் நெல் வயலில் கூடுதலாக இட்டார்கள். வேர் பொட்டாசியத்தையும் சீசியத்தையும் ஒரே வாசல் வழியாக எடுப்பதால், பொட்டாசியம் நிறைந்திருந்தால் சீசியம் வெளியே நிற்கும். "டி.ஏ.ஜி. 24 மல்லாட்டை ரகம் கதிர்வீச்சில் பிறந்ததாமே, அதை உண்ணலாமா" என்று துணைக்கேள்வியும் இருக்கிறது. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் காமாக் கதிர் போன்றவற்றால் உருவாக்கிய ரகங்களின் வழிவந்தது அது. விதையில் கதிர்ப்பொருள் எதுவும் தங்குவதில்லை, தாராளமாக உண்ணலாம்.

குவாரியால் உங்கள் பயிரின் ஜீன் செயல்பாடு மாறுகிறதா என்று கேட்டால், மாறத்தான் செய்யும் என்பேன். ஆனால் காரணம் தூசி. கல்தூள் இலைத் துளைகளை அடைத்து, வெளிச்சத்தை மறைத்து, இலையைச் சூடேற்றுகிறது. ஈடாடே நெல்லில் எழுந்த அதே பாதுகாப்பு ஜீன்களில் சில அதற்கும் எழும். ஒரே பையில் எடுத்த விதையை ஒரே மண் நிரப்பிய தொட்டிகளில் விதைத்து, குவாரி ஓரமாகவே வைத்து, பாதித் தொட்டிகளின் இலையை மட்டும் தினமும் மாலையில் நீர் தெளித்துக் கழுவிவாருங்கள். மற்றவற்றுக்கு அதே அளவு நீரை வேரில் ஊற்றுங்கள். பாறைக் கதிர் இரண்டுக்கும் ஒன்றுதான். முப்பது நாளில் எந்தத் தொட்டியில் பூ முந்துகிறது என்று எண்ணி இங்கேயே எழுதுங்கள், நானும் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.