அம்மாவின் பீரோவைக் காலி செய்வது பற்றி

இறந்துபோன அம்மாவின் பீரோவை உடனே காலி செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்; இப்போது வேண்டியதில்லை. உறவினர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்த முடிவு உங்களுடையது.

பதினாறாம் நாள் காரியம் வரை அழாத நீங்கள், 3 மாதம் கழித்து அம்மாவின் சேலையைத் தொட்டதும் உடைந்து அழுததாக எழுதியிருக்கிறீர்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு, இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று ஓடியதில் அப்போது துக்கத்துக்கு இடமே கிடைக்காமல் போயிருக்கலாம் (மூத்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் நேர்கிறது).

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, பீரோவின் ஒரே ஒரு தட்டிலிருந்து ஒரு சேலையை மட்டும் எடுத்துப் பாருங்கள். அன்றிரவுத் தூக்கமும் மறுநாள் பசியும் வழக்கம்போல் இருந்தால் மெல்லத் தொடரலாம், இல்லையென்றால் மூடிவிடுங்கள்.

ஆனால், 6 மாதம் கடந்தும் அன்றாட வேலைகளே முடங்கினாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள்; டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 எண்ணில் இரவிலும் கட்டணமின்றிப் பேசலாம்.